மூன்று பதிவேடுகளும் ஒரு சங்குக் கணக்கும்

கீழக்கரையில் ஒரு சிறிய அறக்கட்டளை. கீழே நூலகம், மாடியில் ஆவண அறை, பக்கத்துக் கட்டடத்தில் காட்சி அறை. மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு, தனித்தனி எண் வரிசை, தனித்தனிப் பொறுப்பாளர். இவற்றை ஒன்றிணைக்கும் வேலையில் நானும் இருந்தேன். இப்படி ஒரு வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நூலகத்தில் ஏற்கெனவே கோஹா என்ற நூலகப் பட்டியல் மென்பொருள் இருந்தது. எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றார் நிர்வாகக் குழுவில் ஒருவர். புத்தகத்துக்கு அது சரி, ஒரு புத்தகத்துக்கு ஒரு பதிவு போதும். ஆவணம் அப்படி அடங்காது. யாரிடமிருந்து வந்த தொகுப்பு, அதில் எந்த வரிசை, எந்தக் கோப்பு, எந்தத் தாள் என்று படிப்படியாக இறங்க வேண்டும். தாள்கள் வந்த ஒழுங்கைக் கலைத்தால் பாதிச் செய்தி போய்விடும். காட்சிப் பொருளுக்கோ எதனால் ஆனது, என்ன அளவு, எங்கே கிடைத்தது, இப்போது என்ன நிலை என்பவைதான் முக்கியம்.

சிக்கல் உறைத்தது ஒரு சங்கு வணிகக் குடும்பம் தந்த கொடையில். கணக்கேடுகள் மாடிக்குப் போயிருந்தன. அச்சு நூல்களும் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்களும் கீழே. சங்குகளும் துளையிட்ட ஒரு தகடும் காட்சி அறையில். தகட்டுக்கு அடியில் ‘பழைய பித்தளைத் தகடு’ என்று ஒரு சீட்டு, அவ்வளவுதான். மாடியில் கணக்கேட்டைப் புரட்டினால்தான் விஷயம் தெரிகிறது. குளித்தெடுத்த சங்கை அந்தத் துளையில் விட்டுப் பார்ப்பார்கள்; உள்ளே விழுந்துவிடும் சிறுசு கழிவு. தேறியவை வளையலுக்காக வங்காளத்துக்குக் கப்பலேறும். ஏடு மாடியிலும் தகடு அடுத்த கட்டடத்திலும் இருந்ததால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எண்களையெல்லாம் மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தபோது காட்சி அறையைப் பார்த்துக்கொள்ளும் காக்கா (அண்ணன்) மறித்தார். “தம்பி, என் நம்பரை மாத்திட்டா நான் எதை வச்சுத் தேடுவேன்?” நியாயம்தானே. பழைய எண்கள் அப்படியே நின்றன. மேலே பொதுவாக ஒரு அடுக்கு மட்டும் வைத்தோம்: தலைப்பு, ஆக்கியவர், தேதி என்று எந்தப் பொருளையும் விவரிக்க டப்ளின் கோர் என்ற பொதுத் தரம் வகுத்த 15 புலங்களும், ஒரே கொடையில் வந்த எல்லாவற்றுக்கும் பொதுவாக நாங்களாகச் சேர்த்த கொடை எண்ணும். அந்தந்தத் துறையின் விவரங்கள் அதனதன் முறைப்படி கீழே இருக்கும். கொடை எண்ணைத் தட்டினால் ஏடும் நூலும் தகடும் ஒரே திரையில் வரும். மென்பொருளைவிட அதிகம் உழைக்க வைத்தவை ஆள்பெயர்கள். ஒரே மரைக்காயர் மூன்று பதிவேட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தார்.

திரையில் சேர்ந்ததை அலமாரியிலும் சேர்த்து வைக்க ஆசை வரும். வேண்டாம். மரம், அட்டை, பழைய தாள் ஆகியவற்றிலிருந்து அமில ஆவி கசியும். நம் கடற்கரையின் ஈரக் காற்றில் அது சங்கின் சுண்ணாம்பை அரித்து வெள்ளையாகப் பூக்க வைக்கும். பார்ப்பவர்கள் பூஞ்சணம் என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். அதனால் சங்குகள் பெயின்ட் அடித்த இரும்பு பீரோவுக்கு மாறின. ஓலைச்சுவடி தனி இடத்தில். ஆனால் புதிதாக வரும் எதுவும் முதலில் ஒரே தனியறையில் சில வாரம் காத்திருக்க வேண்டும். தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு நூலகம் வேறு, ஆவண அறை வேறா?

சட்டமும் கூடவே வந்தது. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரும். கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டே போதும். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. காட்சி அறையில் பவளத் துண்டு இருந்தால் பட்டியலில் ஏற்றும் முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

புகைப்படங்கள்தான் இன்னும் முடியவில்லை. 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடிப் படங்கள் ஓர் ஆல்பத்தில் இருக்கின்றன. மூன்று பொறுப்பாளர்களுமே தங்களுடையது என்கிறார்கள். ஆல்பத்தைப் பிரிக்காமல் மாடியில் வைத்து, நகல்களைக் காட்சிக்குத் தரலாம் என்பது என் கட்சி. அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும். காக்கா அதற்குள் ஃபிரேம் போட ஆள் பார்த்துவிட்டார்.