அப்பாவின் வாட்ச் யாரோடு பேசிக்கொண்டிருந்தது?

அப்பாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. ரைஸ் மில்லில் 28 வருடம் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்ற காது அது. சட்டைப் பையில் போன் அடித்தால் பல நேரம் அவருக்குத் தெரிவதில்லை. அதற்காகத்தான் போன வருடம் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். அது என்னென்ன அளக்கும் என்று பெட்டி முழுக்க அச்சடித்திருந்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் கூப்பிட்டால் அவர் மணிக்கட்டு அதிர வேண்டும்.

தினமும் விடிகாலையில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பார். கரையில் இருக்கும் 16 மண்டபங்களையும் எண்ணிக்கொண்டு மூன்று சுற்று. அவருக்குச் சர்க்கரை உண்டு, போன மாசி மாதம் ஒருமுறை நடக்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து 6.20க்கு நான் சென்னையிலிருந்து ஒரு போன் போடுவேன். வாட்ச் அதிரும், பையிலிருந்து போனை எடுத்து வலது காதில் வைத்து, "இருக்கேம்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

பொங்கலுக்கு அவருக்குப் புதுப் போன் வாங்கினோம். பழைய போன் அம்மாவிடம் போனது, கோலமும் சமையலும் பார்க்க. அதற்கப்புறம் காலையில் அப்பா போனை எடுப்பதே அரிதாகிவிட்டது. கேட்டால், "வாட்ச் சேரவே மாட்டேங்குதும்மா" என்றார். பக்கத்துத் தெரு மொபைல் கடையில் காட்டியிருக்கிறார். அங்கே உடனே சேர்ந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி விட்டுப்போனதாம். மூன்றாவது தடவை போனபோது, வாட்ச் போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தொலைபேசியில் சொல்லிக்கொடுத்து எனக்கும் அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் செய்வதை முதலில் செய்தேன். வாட்சை முழுசாகச் சார்ஜ் போட்டேன். புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டையும் ரீஸ்டார்ட் செய்தேன். அப்புறம் அனுமதிகள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை இருப்பிட அனுமதி இல்லாமல் ஒரு செயலி பொதுவாகப் பக்கத்தில் இருக்கும் புளூடூத் கருவியைத் தேட முடியாது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இலிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் பல வாட்ச் செயலிகள் இருப்பிடத்தையும் கேட்கின்றன. இரண்டையும் கொடுத்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாட்ச் பட்டியலில் வரவே இல்லை.

சேராமல் போவது வேறு, கண்ணிலேயே படாமல் இருப்பது வேறு. கைக்கெட்டும் தூரத்தில், முழுச் சார்ஜில் இருக்கும் வாட்ச் ஏன் தெரியவில்லை? கடையில் மட்டும் எப்படித் தெரிந்தது? அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேஜைமேல் வாட்ச் அதிர்ந்தது. அப்பாவின் போனில் ஒன்றும் வரவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "உங்க சித்தி ஏதோ அனுப்பியிருக்கா பாரு" என்றாள். வாட்சைத் திருப்பிப் பார்த்தேன். சித்தி அனுப்பிய காலை வணக்கம் அதில் இருந்தது.

"இது இப்படித்தாம்மா, அப்பப்போ சும்மா அதிரும்" என்றார் அப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வாரமாக அந்த வாட்ச் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, பழைய போனுக்கு.

விஷயம் இதுதான். இந்த மாதிரி வாட்ச்கள் யாரோடும் சேராதபோது, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சின்னச் சின்ன சிக்னல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். போன் அதைக் கேட்டுத்தான் பட்டியலில் காட்டுகிறது. ஒரு போனோடு சேர்ந்துவிட்டால் பெரும்பாலான வாட்ச்கள் அதை நிறுத்திவிடும். அப்புறம் வேறு எந்தப் போனும் அதைப் பார்க்க முடியாது. பழைய போனில் அந்தச் செயலியை யாரும் நீக்கவில்லை, புளூடூத்தும் எப்போதும் ஆனில்தான். பேசாமல் பின்னணியில் ஓடிக்கொண்டு, வாட்ச் வீட்டுக்குள் வந்ததும் அது பிடித்துக்கொள்கிறது. கடையில் அம்மாவின் போன் இல்லை, அதனால் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து புதுப் போனை ஹாலில் வைத்துவிட்டு அப்பா கொல்லைப்பக்கம் போனால் இணைப்பு அறுந்துவிடும். திரும்பி வருவதற்குள் அடுப்படியில் இருக்கும் பழைய போன் முந்திக்கொள்ளும்.

எல்லா வாட்ச்களும் இப்படி யார் கூப்பிட்டாலும் போவதில்லை. கூகுளின் வேர் ஓஎஸ் மென்பொருளில் ஓடும் வாட்ச்களில் போன் மாற்றினாலே முழு ரீசெட் செய்ய வேண்டியிருந்தது. 2023இல் வந்த வேர் ஓஎஸ் 4இலிருந்துதான் ரீசெட் இல்லாமல் மாற்ற வழி வந்தது.

காரணம் தெரிந்ததும் அவசரப்பட்டு வாட்சை ரீசெட் செய்யவில்லை. வரிசை முக்கியம். முறையாகச் சேரும்போது போனும் வாட்சும் ஆளுக்கொரு சாவியைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்துச் சாவியை மட்டும் அழித்தால், மறு பக்கம் பழைய சாவியை நீட்டிக்கொண்டே இருக்கும், இணைப்பு அமையாது. அதனால் முதலில் அம்மாவின் போனில் செயலியைத் திறந்து, இருந்த நடைக் கணக்கை எல்லாம் சிங்க் செய்தேன். ரீசெட் செய்தால் வாட்சில் தேங்கியிருப்பது போய்விடும். அப்பாவின் கணக்கில் 300 நாளுக்கு மேல் இருந்தது, ஒரு நாளையும் விட மனசில்லை. பிறகு செயலிக்குள்ளேயே வாட்சை நீக்கினேன். போனின் புளூடூத் பட்டியலுக்குப் போய் அங்கேயும் ஃபர்கெட் கொடுத்தேன். செயலியை எடுத்துவிட்டேன். கடைசியில்தான் வாட்ச் ரீசெட்.

புதுப் போனில் கடைக்காரர்கள் செய்து வைத்திருந்த பழைய இணைப்பையும் அழித்துவிட்டு, செயலிக்குள்ளிருந்து தேடினேன். புளூடூத் பட்டியலில் வாட்சின் பெயரைப் பார்த்ததும் அங்கேயே தொட்டுச் சேர்ப்பது பலரும் செய்வது. பேசும் வசதி உள்ள வாட்ச்களில் இரண்டு இணைப்பு உண்டு. ஒன்று தகவலுக்கு, ஒன்று குரலுக்கு. பட்டியலில் தொட்டால் பல நேரம் குரல் மட்டும்தான் சேரும், செயலி மறுபடி தேடிக்கொண்டே நிற்கும். செயலி வழியாகப் போனபோது நாலு நொடியில் வந்துவிட்டது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல் இணைப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அது சேர்ந்தால் என் குரல் வாட்சின் குட்டி ஸ்பீக்கரில் வரும், அது அப்பாவுக்குக் கேட்காது. அவருக்கு வேண்டியது அதிர்வு மட்டும். அதற்கு அழைப்பு, தொடர்புகள், அறிவிப்பு மூன்றுக்கும் அனுமதி வேண்டும். இன்னொன்று, பேட்டரி கட்டுப்பாடு. போன் மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும், வாட்சும் அமைதியாகிவிடும். பழைய போன் எட்டாத குளக்கரையிலும் வாட்ச் அதிராததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றினேன். வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் நிறுத்தி, அழைப்பு மட்டும் அதிரும்படி வைத்தேன். சும்மா சும்மா அதிர்ந்தால் கை பழகிப்போய் எதையும் கவனிக்காது.

சோதித்துப் பார்க்க, அப்பாவை ஹாலில் உட்காரவைத்துவிட்டு மாடியிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார். போனை ஹாலிலேயே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்த் திரும்பி வரச் சொன்னேன். ஒரு நிமிடம் கழித்துக் கூப்பிட்டேன். எடுத்தார். ஐந்து தடவை செய்தோம். ஐந்தாவது தடவை, "போதும்மா, இறங்கி வா, இட்லி ஆறுது" என்றார்.

அம்மாவுக்குத்தான் ஒரு வருத்தம். சித்தியின் செய்தி வந்தால் அப்பா கையைப் பார்த்து முதலில் சொல்லிவிடுவாராம். இவ்வளவு நாள் அவர் அதை வாட்சின் கோளாறு என்று நினைத்திருக்கிறார், அம்மா அவரது அக்கறை என்று நினைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை 6.20க்குச் சென்னையிலிருந்து அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"இருக்கேம்மா. வடகரையில இருக்கேன், இன்னும் ஒரு சுத்து பாக்கி."