இரண்டு மாதம்தானே என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் அக்கா மகன் டெரிடோரியல் ஆர்மி (டி.ஏ.) என்ற ராணுவத்தின் பகுதிநேரப் படைக்கான விண்ணப்பத்தோடு வந்து நின்றான். "மாமா, டி.ஏ.வில் வருடத்துக்கு இரண்டு மாதம் கேம்ப், மீதி நாள் கடை வேலை. சரிதானே?" என்றான். 11 ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் 110-வது பட்டாலியனுக்கு ஆள் எடுத்த வரிசையில் நின்றபோது நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு மாதம் என்பது பயிற்சிக் கணக்கு மட்டுமே. அரசாங்கம் நம்மைப் பணியில் இறங்க அழைத்தால் அதன் பெயர் 'எம்பாடிமென்ட்'. அன்று முதல் நாம் முழுநேரச் சிப்பாய்கள். திரும்பும் தேதி நம் கையில் இல்லை. 2025 மே மாதம் வந்த அரசு உத்தரவு டெரிடோரியல் ஆர்மியின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் இறக்க வழி செய்தது. அது செல்லுபடியாகும் கடைசி நாள் 2028 பிப்ரவரி 9. விண்ணப்பிக்கும் பையன்கள் இந்தத் தேதியை வீட்டுச் சுவரில் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

பயிற்சியோ அழைப்போ இல்லாத மாதங்களில் சம்பளமும் இல்லை. சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமானால் எம்பாடிமென்டில் கழித்த காலமே 15 ஆண்டுகள் சேர வேண்டும். 11 ஆண்டுகளில் என் கணக்கில் ஏறியிருப்பது நான்கு ஆண்டு ஏழு மாதம்.

முதல் அழைப்பு முடிந்து நான் வேலை பார்த்த லேத் பட்டறைக்குத் திரும்பினேன். என் இயந்திரத்தில் வேறொருவர் நின்றிருந்தார். பாவம், அவர் மேல் என்ன குற்றம்? முதலாளி எனக்குப் பிசிறு தேய்க்கும் வேலை கொடுத்தார், கூலியும் குறைவு. 1948-ஆம் ஆண்டின் டெரிடோரியல் ஆர்மி சட்டம், பணி முடித்து வருபவனைப் பழைய நிலைக்குக் குறையாமல் மீண்டும் சேர்க்கச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் லேத் எனக்குக் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் வீட்டில் மளிகைக் கடன் வளர்ந்தது.

இதற்காகப் படையை விட்டு விலக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. 2024-இல் வயநாட்டில் நிலம் சரிந்தபோது கோழிக்கோட்டின் 122-வது பட்டாலியன் ஆட்கள் சேற்றில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர்களும் என்னைப்போல ஊரில் ஒரு பிழைப்பு வைத்திருப்பவர்கள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு அழைப்பு வராதா என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொன்னேன். படிவத்தை நிரப்புவதற்கு முன் கடை முதலாளியிடம் பேசு, மூன்று ஆண்டு நீ இல்லாவிட்டால் என்ன செய்வார் என்று கேள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவரையே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.