261 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டில் 323ஆக இருந்த புதிய எச்.ஐ.வி. தொற்று எண்ணிக்கை 2020இல் 261ஆகக் குறைந்ததைப் பலர் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள இயலவில்லை. கொவிட் கட்டுப்பாடுகளால் மருந்தகத்துக்குச் செல்வதையே மக்கள் தள்ளிப்போட்ட அந்த ஆண்டில், குறைந்தது தொற்றா, பரிசோதனையா என்பதை அந்த ஓர் எண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. அரசின் எச்.ஐ.வி. பதிவேட்டில் ஏறுவது ஒருவருக்குத் தொற்று ஏற்பட்ட நாள் அல்ல. அது கண்டறியப்பட்ட நாள். இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகள்கூட ஓடியிருக்கலாம்.

நோய்க் கண்காணிப்பின் தரத்தை மதிப்பிடுவோர் இதனால்தான் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேருடைய விவரம் பதிவேட்டுக்கு வந்து சேர்ந்தது, எவ்வளவு விரைவில் வந்தது, ஒரே ஆள் இருமுறை எண்ணப்பட்டாரா என்றெல்லாம் கேட்பார்கள். எதிர்பார்க்கப்படும் தொற்றுகளில் குறைந்தது 85 விழுக்காடாவது பதிவாக வேண்டும், மூன்றில் இரண்டு பங்காவது கண்டறிந்த ஆறு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1999இல் வகுத்த அளவுகோல்கள்.

எண்ணும் முறையில் உள்ள குறை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இந்தியாவே சான்று. பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கர்ப்பிணிகளின் இரத்த மாதிரிகளை வைத்து, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் 57 லட்சம் என்று கணித்திருந்த எண், வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பின் முடிவுகளும் சேர்ந்தபின் 2007இல் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது.

சிங்கப்பூரில் அடையாள அட்டை எண் இருப்பதால் ஒரே ஆளை இருமுறை எண்ணும் சிக்கல் குறைவு. ஆனால், பதிவேட்டைத் துல்லியமாக்கும் அதே எண்தான் அது வெளியே கசிந்தால் மனிதரைக் காட்டிக்கொடுக்கிறது. 2019 ஜனவரியில் எச்.ஐ.வி. பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் கசிந்த செய்தி வெளியானது; அவர்களில் 5,400 பேர் சிங்கப்பூரர்கள், 8,800 பேர் வெளிநாட்டினர். அந்த வாரம் நான் வீட்டில் நாளிதழைப் பிரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கசிவு அந்தத் தனிமனிதர்களின் வாழ்க்கையைக் காயப்படுத்தியதே முதல் கொடுமை. அதற்கு அடுத்தபடியாக, அச்சத்தால் பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுபவரை எந்தப் பதிவேடும் காணாது. பெயர் கேட்காத பரிசோதனை நிலையங்களை நான் மதிப்பது இதனால்தான். அங்கே தொற்று உறுதியானவர் சிகிச்சைக்குச் சென்ற பிறகே பதிவேட்டுக்கு வருவார் என்பதால் கணக்கு சற்றுத் தாமதமாகலாம். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதே சரி.

லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் சுகாதார விளக்கக் கூட்டங்களில் தமிழில் மொழிபெயர்த்து உதவுவது என் வழக்கம். ஒருமுறை கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர், மற்றவர்கள் நகர்ந்த பிறகு தாழ்ந்த குரலில், "அண்ணே, ரத்தம் குடுத்தா நம்ம பேரு எங்கெல்லாம் போகும்?" என்று கேட்டார். வேலை அனுமதிச் சீட்டோடு பிணைந்த கேள்வி அது. தொற்று உறுதியானால் இங்கே தொடர்ந்து வேலை செய்ய முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆண்டுதோறும் தலைப்புச் செய்தியாகும் எண்ணோ குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே குறிப்பது. அவரைப் போன்றோர் அதில் இல்லை.

ஆகவே, அடுத்த ஆண்டறிக்கை வரும்போது நான் முதலில் தேடப்போவது மொத்த எண்ணை அல்ல, முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோரின் பங்கை. நோயெதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பிறகு வருபவர், பல ஆண்டுகளாக நம் கண்ணில் படாமல் இருந்தவர். பல ஆண்டுகளின் அறிக்கைகளில் அந்தப் பங்கு ஏறத்தாழப் பாதியாகவே இருந்து வந்திருக்கிறது. மொத்தம் குறைந்து இந்தப் பங்கும் சேர்ந்து குறைந்தால், அந்த ஆண்டு நானும் மகிழ்வேன்.