கோர்ட்டுக்குப் போகும் முன்பே முடிந்துவிடும் வழக்கு

அமெரிக்காவில் கம்பெனி வழியாகக் கிடைத்த நீண்டகால இயலாமைக் காப்பீட்டுப் பணம் நின்றுபோனால், உடனே வழக்குப் போட முடியாது. கம்பெனி தரும் நலத்திட்டங்களுக்கான 1974-ஆம் ஆண்டின் எரிசா (ERISA) சட்டத்துக்குள் வரும் பாலிசி என்றால் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடமே அப்பீல். மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 180 நாள் அவகாசம்.

ஒரு பக்கத்தில் அப்பீல் எழுதிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஜட்ஜிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கெடுவது அங்கேதான். இதில் ஜூரி கிடையாது. உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பதும் அபூர்வம். அப்பீல் முடிந்த அன்று நிறுவனத்தின் கோப்பில் என்ன இருந்ததோ, பெரும்பாலும் அதை மட்டுமே நீதிபதி படிப்பார்.

அதனால் முதல் வேலை, கிளெய்ம் கோப்பு முழுவதையும் பாலிசி நகலையும் எழுத்தில் கேட்பது. கோப்புக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. உங்களைப் பார்க்காமலேயே நிறுவனத்தின் டாக்டர் எழுதிய அறிக்கை பெரும்பாலும் அதில் இருக்கும். அதற்கு வரிக்கு வரி பதில் தேவை. பாலிசியில் இயலாமைக்கான வரையறையைத் தேடுங்கள். பல பாலிசிகளில் முதல் 24 மாதம் 'உங்கள் வேலையைச் செய்ய முடியுமா' என்பதுதான் கேள்வி. பிறகு அது 'எந்த வேலையாவது முடியுமா' என்று மாறிவிடும். பணம் அடிக்கடி நிற்பது இந்தத் திருப்பத்தில்தான்.

'இவரால் வேலை செய்ய இயலாது' என்ற டாக்டர் சான்றிதழ் மட்டும் போதாது. சிகிச்சை தரும் டாக்டர் என்பதற்காக அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் சொல்லிவிட்டது. எத்தனை நிமிடம் தொடர்ந்து உட்கார முடியும், எத்தனை பவுண்டு தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் படுக்கை, எந்தப் பரிசோதனை அதைக் காட்டுகிறது என்று எழுதி வாங்குங்கள்.

அப்பீலை முடிவு செய்ய நிறுவனத்துக்கு 45 நாள்; தக்க காரணம் சொல்லி இன்னும் 45 நாள் நீட்டலாம். நடுவில் புது அறிக்கை வாங்கினால், மறுக்கும் முன் உங்களுக்குக் காட்டியாக வேண்டும். சலிப்பாக இருந்தாலும் அதற்கும் பதில் போடுங்கள்.

வழக்குக்கான கெடு பாலிசியிலேயே இருக்கும். அது அப்பீல் முடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கலாம். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கடைசி மறுப்புக் கடிதத்தில் அந்தத் தேதி இருக்க வேண்டும்.

ஜெயித்தால் கிடைப்பது நிலுவைத் தொகை. வட்டியும் வக்கீல் செலவும் நீதிபதி மனம் வைத்தால். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு இல்லை. பல நேரம் 'மறுபடி பரிசீலியுங்கள்' என்று நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புவதும் உண்டு. அரசாங்கத்தின் சோஷியல் செக்யூரிட்டி இயலாமைப் பணம் பின்தேதியிட்டு மொத்தமாக வந்தால் செலவழித்துவிடாதீர்கள்; பெரும்பாலான பாலிசிகளில் அதைக் கழித்துக்கொண்டு, கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள்.