கரும்பலகையும் ஏலக்காய் நகரமும்

நாலாம் வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்த வாத்தியார் கதை சொல்லிக்கொண்டே கரும்பலகையில் படம் கீறுவார். நரி வந்தால் நரி, குளம் வந்தால் குளம். இடையில் பாட்டும் வரும், மெட்டும் அவருடையதுதான். மணி அடித்தாலும் ஒருவரும் எழும்ப மாட்டோம். இந்தச் சிறப்பு மலருக்கு எழுதக் கேட்டபோது முதலில் அவர்தான் நினைவுக்கு வந்தார். கூடவே, எங்கள் பாடசாலையைக் கண்டேயிராத ஒரு நோர்வேக்காரரும் வந்தார்.

1987இல் நான் இங்கே, நோர்வேக்கு, படிக்க வந்தேன். மொழி வகுப்பில் படித்ததைவிட, பிறகு மகளைத் தூங்கவைக்க வாசித்த புத்தகங்களில் படித்ததுதான் அதிகம். பெரும்பாலும் அவை அந்த நோர்வேக்காரரான தோர்பியோர்ன் எக்னருடைய புத்தகங்கள். கதை எழுதியதும் படம் கீறியதும் பாட்டுக்கு மெட்டுப் போட்டதும் அவரே என்று அறிந்த அன்று, நாலாம் வகுப்பு வாங்கில் போய் இருந்தது போல் இருந்தது.

1912இல் ஒஸ்லோவில் ஒரு கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கம்பென் பகுதியில் வளர்ந்தவர் எக்னர். (அந்தப் பெயரைக் கேட்டால் எந்தத் தமிழனுக்கும் கம்பன் ஞாபகம் வரும்.) வானொலியில் சிறுபிள்ளைகளுக்காக வந்த நிகழ்ச்சியில்தான் அவருடைய குரல் வீடு வீடாகப் போனது. 1950 முதல் 1972 வரை பாடசாலைகளுக்கு 16 வாசிப்புப் புத்தகங்களும் தொகுத்துக் கொடுத்தார்.

1949இல் வந்த 'காரியஸும் பக்துஸும்' யென்ஸ் என்ற பையனின் பல்லுக்குள் வீடு கட்டியிருக்கும் இரண்டு குட்டிப் பூதங்களின் கதை. கடைசியில் பல் துலக்கி அவர்களைத் துரத்துவார்கள். என் மகளோ அந்த இரண்டு பேருக்காகவும் அழுதாள்.

அவளுக்கு அதைவிடப் பிடித்தது 1955இல் வந்த கார்டெமொம்மெ நகரத்துக் கதை. ஏலக்காய்க்கு இங்கே அதுதான் பெயர். அந்த ஊரில் ஒரே ஒரு சட்டம்: பிறரைத் தொந்தரவு செய்யாதே, நல்லபடியாக இரு, மற்றபடி விரும்பியதைச் செய். மூன்று கள்வர், சமைத்துத் துப்புரவாக்க ஆள் வேண்டுமென்று, நித்திரையில் இருந்த சோபி மாமியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மாமி எழும்பிப் பார்த்து, அவர்களையே முகம் கழுவவும் வீடு கூட்டவும் வைப்பாள். பொறுக்க முடியாமல் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். ஊரில் அப்படி ஒரு மாமி எனக்கும் இருந்தா. அதனால் அகராதி இல்லாமலே அந்தப் பக்கங்கள் விளங்கின. பிறகு கோபுரத்தில் தீப்பிடித்தபோது அந்தக் கள்வரே ஓடிவந்து அணைப்பார்கள். ஒருவன் தீயணைப்புத் தலைவன் ஆவான், ஒருவன் சர்க்கஸ் நடத்துவான், சாப்பாட்டு ஆசைக்காரனான யோனத்தான் வெதுப்பகம் வைப்பான். கள்வரைத் திருத்துவதென்றால் இப்படித்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

எக்னர் 1990 டிசம்பர் 24இல், நத்தாருக்கு முதல் நாள், காலமானார். மூன்று வருடம் அவருடன் ஒரே நாட்டில் இருந்தும் அவர் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் கிறிஸ்தியான்சாண்ட் மிருகக்காட்சிப் பூங்காவில் அந்த நகரத்தையே கட்டித் திறந்தார்கள்.

போன கோடையில் பேத்தியை அங்கே கூட்டிப்போனேன். ட்ராமில் ஏறினோம், பணிஸ் வாங்கினோம். இரவு அவள் சோபி மாமியைக் கீறித் தரச் சொன்னாள். வாத்தியார் கீறுவது போலவே மூக்கிலிருந்து தொடங்கினேன்.