ஸ்டுபாய் மலைப்பாதை: குடிலுக்குக் குடில்

5 செப்டம்பர் 2023, செவ்வாய், இன்ஸ்ப்ரூக்கர் ஹூட்டே, 2,369 மீ.

ஒருவழியாக ஆஸ்திரியாவின் ஸ்டுபாய் மலையில் முதல் ஹூட்டேவுக்கு (மலையேறுவோர் தங்கும் குடில்) வந்து சேர்ந்துவிட்டோம். நேடர் கிராமத்தில் பேருந்தைவிட்டு இறங்கி, பின்னிஸ் பள்ளத்தாக்கு வழியாக ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற்றம், கடைசி ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து போகும் பாதையில் பேச்சே கிடையாது, மூச்சுச் சத்தம் மட்டும்தான். தம்பி (சித்தி மகன், இன்ஸ்ப்ரூக்கில் படிக்கிறான்) முன்னால் போய் நின்று நின்று எனக்காகக் காத்திருந்தான்.

வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே போனதும் முதல் வேலை, பதிவேட்டில் பெயரோடு நாளை எந்தக் குடிலுக்குப் போகிறோம் என்பதையும் எழுதுவது. யாராவது காணாமல் போனால் எந்தப் பக்கம் தேடுவது என்று மீட்புக் குழுவுக்கு அந்த ஒரு வரிதான் சொல்லும். "பிரேமர் ஹூட்டே, 2 பேர்" என்று தம்பி எழுதினான்.

ஆஸ்திரிய மலையில் பிரேமன், நியூரன்பெர்க், ட்ரெஸ்டன் என்று ஜெர்மன் ஊர்ப் பெயர்கள் எப்படி வந்தன என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. ஜெர்மன் ஆல்பைன் சங்கம் என்ற மலையேற்றச் சங்கத்துக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு, ஒவ்வொரு கிளையும் தன் செலவில் ஒரு குடிலைக் கட்டி ஊர்ப் பெயரை வைத்துவிட்டது. அந்தச் சங்கத்தை 1869இல் தொடங்கியவர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் சென் என்ற பாதிரியார். கடைசிக் காலத்தில் கீழே நொய்ஷ்டிஃப்ட் ஊரில்தான் பணியில் இருந்தார். மலைக்கு ஆள் வந்தால்தான் இங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு வழிகாட்டி வேலையாவது கிடைக்கும் என்று நினைத்த மனிதர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பு. பொதுப் படுக்கையில் வரிசையாகப் படுத்திருக்கிறோம், பக்கத்தில் யாரென்றே தெரியாது.

6 செப்டம்பர், புதன், பிரேமர் ஹூட்டே, 2,413 மீ.

பலகையில் ஏழு மணி நேரம் என்று போட்டிருந்தது. எங்களுக்கு ஒன்பதரை.

இரண்டு குடிலும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தானே என்று நேற்று வரைபடத்தைப் பார்த்து நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கணக்கே விட்டுப்போயிற்று. மூன்றாவதோ நான்காவதோ ஒரு மலைத்தோளில் பாறையைக் குறுக்காகக் கடக்க வேண்டும். கம்பிவடம் அடித்திருக்கிறார்கள், கால் வைக்க ஒரு சாண் அகலம், கீழே பார்த்தால் புல்சரிவு நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. பாதி தூரத்தில் என் கால் நகரவில்லை. வடத்தைப் பிடித்த கை மட்டும் இறுகிக்கொண்டே போனது. கண்ணுக்கு நேரே வடத்தை மாட்டிய இரும்பு முளை, அதைச் சுற்றித் துரு, துருவுக்கு அடியில் ஒரு விரல்கடை பாசி. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, வடத்த விட்றாதீங்க. எடது கால மட்டும் நகத்துங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

திட்டவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் "அடுத்து" என்று மட்டும் சொன்னான். வடத்தில் பிரிந்து நின்ற ஒரு கம்பியிழை உள்ளங்கையில் ஏறியிருப்பதை அந்தப் பக்கம் போன பிறகுதான் கவனித்தேன். அடுத்த முறை கையுறை இல்லாமல் வரவே கூடாது.

பாலாடைக்கட்டி உருண்டை மிதக்கிற சூப், மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

7 செப்டம்பர், வியாழன், நியூரன்பெர்கர் ஹூட்டே, 2,278 மீ.

சிம்மிங்யோஹ்ல் கணவாய், 2,754 மீட்டர். போன மாதக் கடைசியில் பெய்த பனி நிழல் விழும் இடங்களில் இன்னும் கிடக்கிறது, காலையில் கல்லாக இறுகியிருந்ததால் குதிகாலால் குத்திக் குத்தித்தான் நடந்தோம். கணவாயில் பழைய சுங்கக் காவல் குடிசை ஒன்று இருக்கிறது, இத்தாலி எல்லை அவ்வளவு பக்கம். வடம் இன்றும் இருந்தது, ஆனால் இன்று நிற்காமல் போனேன். இறக்கத்தில் தம்பி இரண்டு முறை உட்கார்ந்தான். கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே" என்கிறான்.

8 செப்டம்பர், வெள்ளி, ட்ரெஸ்ட்னர் ஹூட்டே, 2,308 மீ.

நீண்ட நாள், நல்ல நாள். நீடர்ல் கணவாய் ஏறி இறங்கியதும் க்ருனாவ் ஏரி, எதிரே பனியாறு. மதியம் சுல்ட்செனாவ் ஹூட்டே, 1975இல் பனிச்சரிவு பழைய கட்டடத்தை அடித்துக்கொண்டு போன பிறகு புதிதாகக் கட்டியது. அதற்கு மேலே பனியாறு பின்வாங்கிப் போன இடமெல்லாம் வழுவழுவென்று வெறும் பாறை. அதைப் பார்க்கும்போது நெஞ்சு கனத்தது, ஒரு பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதுபோல.

பைல்யோஹ் கணவாய் முழுக்கக் கல் அடுக்குகள், நூற்றுக்கணக்கில் இருக்கும். நாங்களும் ஆளுக்கொரு கல் வைத்தோம்.

இறங்கி வந்து தம்பி கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். முழங்கால் பன் மாதிரி வீங்கியிருக்கிறது.

9 செப்டம்பர், சனி, காலை 6:40

இன்று இந்தப் பாதையிலேயே உயரமான கணவாய், க்ராவாக்ரூபன்நீடர், 2,881 மீட்டர். அந்தப் பக்க இறக்கம் கால் வைத்தால் சரிகிற சரளை. நான் போக ஆசைப்பட்டேன், நேற்றிரவு முழுக்க மனதுக்குள் ஏறிக்கொண்டிருந்தேன். தம்பியும் முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு "போயிரலாம்ணே" என்றுதான் சொன்னான்.

அவன் படியில் இறங்குவதைப் பார்த்தேன், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து. "வேணாம்ப்பா, கீழ போவோம்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தலையசைத்தான்.

நல்லவேளையாக ரோப் கார் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு முன் ஒரு வேலை, இன்றிரவு தங்க இருந்த நொய ரேகன்ஸ்பர்கர் ஹூட்டேவுக்கு ஃபோன். எங்களுக்காக இரண்டு படுக்கை எடுத்து வைத்திருப்பார்கள், சாயங்காலம் வராவிட்டால் கவலைப்படுவார்கள். எடுத்தது ஒரு பெண், பின்னால் பாத்திரச் சத்தம். வரவில்லை என்றதும் அவர் முதலில் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. "இரண்டு பேரும் நலம்தானே? இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

பதிவேட்டில் நேற்று எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் "பள்ளத்தாக்குக்கு, 2 பேர்" என்று எழுதினேன். தம்பி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறான். நாடாவை நான் கட்டிவிடப் போகிறேன்.