சித்தப்பா வில்லங்கம் பார்த்த மாளிகை

சித்தப்பாவை எங்கே கூட்டிப்போனாலும் பத்திரத்தில்தான் போய் நிற்பார். பக்கிங்ஹாம் அரண்மனை வாசலிலேயே "பட்டா யார் பேர்ல?" என்று கேட்டவர். அப்பேர்ப்பட்ட ரிட்டயர்டு சார்பதிவாளரை மேற்கு சஸெக்ஸில் இருக்கும் அப்பார்க் மாளிகைக்கு அழைத்துப்போனது என் வீட்டுக்காரருடைய யோசனை. எனக்குச் சம்பந்தமில்லை.

உள்ளே நின்ற வழிகாட்டிப் பாட்டி, பாவம், ஃபெதர்ஸ்டன்ஹா வம்சத்தைப் பற்றி ஆரம்பித்தார். அரை முழத்துக்கு எழுதிவிட்டு 'ஃபேன்ஷா' என்று விழுங்கிவிடுகிறவர்களும் உண்டாம். பூர்வீகம் வடக்கே நார்தம்பர்லாந்து, சௌத் டைன் ஆற்றங்கரையில் ஃபெதர்ஸ்டன் என்ற ஊர். அந்த ஊர்ப் பெயருக்குள் 'நான்கு கல்' இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றதும் சித்தப்பா முகம் மலர்ந்தது. "நாலு மூலைக்கும் எல்லைக்கல்! அப்பவே அளந்து போட்டிருக்கான் பாரு."

1747-ல் சர் மேத்யூ இந்த மாளிகையை வாங்கினார். சரி, சுத்த கிரயம். மகன் ஹாரியிடம்தான் சிக்கல். எழுபது தாண்டிய பிறகு, 1825-ல், தன் பால்பண்ணையில் வேலை பார்த்த மேரி ஆன் புல்லக் என்ற இருபது சொச்சம் வயதுப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். பிள்ளை இல்லை. 1846-ல் அவர் போனதும் சொத்து மேரிக்கு. "மனைவிதானே, ஆட்சேபணை இல்லை" என்று சித்தப்பா அனுமதி கொடுத்தார்.

1874-ல் மேரி போக, தங்கை ஃபிரான்சஸுக்கு. அந்த அம்மா அக்கா வீட்டுக்காரரின் குடும்பப் பெயரையே சூட்டிக்கொண்டு, அவர் காலத்தில் இருந்தபடியே வீட்டைக் காப்பாற்றியிருக்கிறார். 1895-ல் அவருக்குப் பின் கர்னல் டர்னர் என்ற சிநேகிதர் வீட்டுப் பையன். அடுத்து அட்மிரல் மீட். இருவருமே ஃபெதர்ஸ்டன்ஹாவைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"அப்போ ரத்த சம்பந்தமே கிடையாதா? வாரிசுச் சான்றிதழ் எந்தத் தாசில்தார் கொடுத்தான்?"

இதை நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். பின்னால் பாதி சஸெக்ஸ் வரிசையில் நிற்கிறது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் அம்மா ஹவுஸ்கீப்பராக இருந்த கீழ்த்தளத்தைப் பார்க்கத்தான் இவர் வந்ததே. எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. 1989-ல் கூரையில் ஈயத்தகடு வேலை நடந்தபோது தீப்பிடித்து மாளிகையே எரிந்த கதையைப் பாட்டி கண் கலங்கச் சொன்னார். சித்தப்பாவும் பதறிப்போய், "ஐயையோ, மூலப்பத்திரம் தப்பிச்சுதா?" என்றார்.

சித்தி இருந்திருந்தால் ஒரே அதட்டல்தான்.

காரில் ஏறியதும் பெரிய யோசனை. திடீரென்று, "அந்த வெள்ளைக்காரி பண்ணினது சரிதான். துறையூர் முக்கால் ஏக்கர், கிணத்தோட. எவன் என் இனிஷியலைப் போட்டுக்கிறானோ அவனுக்குத்தான். டேய் சின்னவனே, உனக்குச் சம்மதமா?" என்றார்.

இவர் கண்ணாடியில் என்னை முறைக்கிறார். நான் என்ன பண்ணுவேன்?

சின்னவன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "கிணத்துல தண்ணி இருக்கா தாத்தா?" என்றான்.

"போர் போட்டுக்கலாம்டா!"